அரிசி மூட்டைக்கு ஒரு சீட் பெல்ட்

என் மனைவி பேச்சை நிறுத்தினால் எங்கோ ஏதோ கோளாறு. கல்யாணமாகி எட்டு மாதத்தில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். கோபம் வந்தாலும் பேசுவாள், தூக்கம் வந்தாலும் பேசுவாள், இரண்டு கையையும் காற்றில் வீசி வீசிப் பேசுவாள். பயந்தால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹென்டர்சனில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டிலிருந்து கிளென்ஃபீல்டில் இருக்கும் அவள் பெற்றோர் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியிருந்தோம். நான் வாங்கி, மாதக்கணக்கில் ரிப்பேர் செய்து, அந்த வாரம்தான் ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்த பழைய பிக்கப்பில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை. மடியில் ஒரு சட்டி சவ்வரிசிப் பாயாசம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. மோட்டர்வேயில் ஏறும்வரை, மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த ஒருத்தியின் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஹாப்சன்வில் தாண்டியதும் குரல் மெலிந்தது. கிரீன்ஹித் பாலத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தபோது வண்டி அரை அடி வலது பக்கம் நழுவியது. நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் அரை அடி இடது பக்கம் தாவியது. பாலம் முடிகிறவரை அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. ஒரு கை கதவுப் பிடியில், ஒரு கை சட்டி மூடியில். மூடி பாயாசத்தை முழுதாகக் காப்பாற்றவில்லை.

மாமியார் வீட்டு வாசலில் இறங்கி, முழங்காலில் ஒட்டியிருந்த சவ்வரிசியைத் தட்டிவிட்டபடி சொன்னாள்:

"நான் திரும்பி அப்பாட காரில வாறன். நீங்கள் உந்தச் சாமானைக் கொண்டு வாங்கோ."

"காத்து அடிச்சதும்மா. பழைய வண்டி, கொஞ்சம் அப்படித்தான்…"

"காத்து எல்லாருக்கும்தான் அடிச்சது. பக்கத்தில போன பால் லொறி நேராத்தானே போனது?"

பாயாசச் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த ஜப்பானியப் பிக்கப். இங்கே எல்லோரும் யூட் என்பார்கள். ஒடாஹுஹுவில் ஒரு வீட்டு வாசலில், மழையில் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்து வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவர் நான்கு பக்கமும் நன்றாகத் தாழ்த்தி, அதற்கான சான்றுத் தகடும் வாங்கி ஒட்டியிருந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்தான் போகும். வீடியோ காலில் காட்டியபோது கோயம்புத்தூரிலிருந்து என் அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "லோடு ஏத்தாமயே இப்படி உக்காந்திருக்கே, ஸ்பிரிங் போயிருச்சாப்பா?" என்று கேட்டார். தாழ்த்தினால்தான் அழகு என்று அவருக்கு விளக்க முயன்றேன். "அழகுக்குத் தெருவில இடிச்சுக்கிட்டுப் போகணுமா?" என்றார்.

நான் அதை வாங்கியதற்கு உயரமோ தாழ்வோ காரணம் இல்லை. உள்ளே ஒரே ஒரு நீள சீட். நடுவே கியர்ப் பெட்டி மேடு கிடையாது, கை வைக்கும் பெட்டி கிடையாது, கதவிலிருந்து கதவுவரை ஒரே பெஞ்சு. நிச்சயம் முடிந்திருந்த சமயம் அது. இரண்டு பேர் இதில் உட்கார்ந்து சனிக்கிழமைகளில் பிஹா கடற்கரைக்குப் போய்வருவதுதான் என் மனத்தில் இருந்த படம். அவளிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அவள் ஏறமாட்டாள் என்றால் இந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தனியாக ஆபீஸ் போய்வர ரயில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நிபந்தனையைச் சொன்னாள். சண்டையாக இல்லை, துணி மடித்தபடி.

"திருத்துங்கோ. திருத்தினா ஏறிப் பாக்கிறன். நேரா ஓடினா எங்க வேணுமெண்டாலும் வாறன். ஓடாட்டி, அது உங்கட விளையாட்டுச் சாமான். நான் இல்லை."

எதிலும் உடனே குதிக்கிற ஆள் நான். மறுநாள் காலையே ஹென்டர்சனில் தொழிற்பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் சக்கரங்களை நேராக்கித் தரும் ஒரு அலைன்மென்ட் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் வெளியே வந்தார், வண்டியைப் பார்த்தார், குனிந்தார், மறுபடி நிமிர்ந்து தன் சாய்தளத்தைப் பார்த்தார்.

"நோ சான்ஸ், ப்ரோ. இது ஏறாது. மூக்கு முதலில் ஏறும், வயிறு மாட்டிக்கொள்ளும்."

"பலகை போட்டு ஏற்றலாமே?"

"ஏற்றினாலும் என் மெஷினில் இதன் அளவே கிடையாது. நீ தாழ்த்தினாய் இல்லையா, இனி நீதான் அதன் கம்பெனி."

நான் தாழ்த்தவில்லை என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவனிடம் யாராவது அப்படிச் சொன்னால் அன்று முழுக்க வேலை ஓடாது. நாலைந்து நாள் வீடியோ பார்த்தேன், குறிப்பெடுத்தேன், படம் போட்டேன்.

விஷயம் சுலபம். நேராக நின்று பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் நேரே முன்னால் பார்க்கலாம். கட்டைவிரல்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருக்கலாம். வாத்து நடப்பதுபோல வெளியே விரிந்திருக்கலாம். முன் சக்கரங்களுக்கும் இதே மூன்று நிலைதான். இதை டோ என்கிறார்கள். ஒரு துளி உள்ளே திரும்பியிருந்தால் வண்டி அடக்கமாக நேரே போகும். வெளியே விரிந்தால் எந்தப் பக்கம் போவதென்று முடிவு செய்யாமல் ரோட்டின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் கேட்டுக் கேட்டு அலையும். சக்கரத்தோடு ஸ்டீயரிங்கை இணைக்கும் கம்பிக்கு டை ராட் என்று பெயர். அதைத் திருகினால் பாதம் திரும்பும். அவ்வளவே.

சனிக்கிழமை காலை கராஜில் வேலையைத் தொடங்கினேன். வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில், முன்னிருந்து பின்வரை மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டினேன். கட்டடம் கட்டுகிறவர்கள் நூல் பிடிப்பதுபோல. சக்கர விளிம்பின் முன்பக்கத்திலிருந்து நரம்புக்கு எவ்வளவு, பின்பக்கத்திலிருந்து எவ்வளவு என்று அளந்து கழித்தால் டோ கிடைத்துவிடும். சக்கரம் இலகுவாகத் திரும்ப அடியில் வழுக்கும் தட்டு வேண்டும். காலி அரிசிச் சாக்கை மடித்து நடுவில் கிரீஸ் தடவி வைத்தேன். சாய்தளக்காரரைவிட நான் ஒரு படி மேல் என்று தோன்றிய நிமிடம் அது.

அதைவிடக் கெட்டிக்காரத்தனமான இன்னொன்றும் செய்தேன். ஓட்டுபவர் உட்கார்ந்தால் வண்டி கொஞ்சம் இறங்கும், அளவு மாறும். ஆகவே ஆள் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆனால் நானே உள்ளே உட்கார்ந்தால் கீழே யார் அளப்பது? என் எடை எழுபத்திரண்டு கிலோ. தமிழ்க் கடையிலிருந்து இருபது கிலோ பொன்னி மூன்று மூட்டை, வீட்டில் இருந்த சிவப்புப் பச்சரிசி பத்து கிலோ, இரண்டு பாக்கெட் உப்பு. கணக்கு சரி. எல்லாவற்றையும் ஓட்டுநர் பக்கத்தில் அடுக்கினேன். மேல் மூட்டை சரியப் பார்த்தது. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன்.

டை ராடைத் திருகித் திருகி அளந்தேன். கடைசியில் ஒரு மில்லிமீட்டர் உள்ளே. திருப்தியாக இறுக்கி, மூட்டைகளை இறக்கி, தனியாக மோட்டர்வேயில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. கையை விட்டுவிட்டுக்கூட ஒரு நொடி பார்த்தேன். வீட்டுக்குள் ஓடி வந்து அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

மோட்டர்வே நுழைவுக்கு முந்தைய நேரான ரோட்டிலேயே வண்டி ஆரம்பித்துவிட்டது. முதலில் இடது பக்கம் ஒரு மோப்பம், பிறகு வலது பக்கம். இட்லி அரிசி ஊறவைத்ததா இல்லையா என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள்.

"இப்பதான் சரியா போச்சு! சத்தியமா!" என்றேன். "நான் தனியா ஓட்டினப்ப ஒரு பிசிறில்ல."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

"அப்படிச் சொல்லல. நீ கொஞ்சம் பயந்துட்டே உக்காந்திருக்கே, அதனால உனக்கு அப்படித் தோணுது."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போதே தெரிந்தது.

"அந்த டெயரியடியில நிப்பாட்டுங்கோ."

முனையில் இருந்த பெட்டிக்கடை ஓரம் நிறுத்தினேன். இறங்கினாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஜன்னல் வழியே குனிந்து, "இன்னும் ஒருக்கா ஏறுவன். ஒருக்காதான்," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் யூ டர்ன் அடித்துப் பின்னாலேயே வந்தேன். அவள் இறங்கியதும் வண்டி ஒழுங்காக, நல்ல பிள்ளையாக, நேராக வந்தது. எனக்கு அதன்மேல் வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

அடுத்த ஒரு வாரம் தப்பை எங்கெங்கோ தேடினேன். டயர் காற்று. சக்கர பேரிங். ஸ்டீயரிங் பெட்டி ஆட்டம். எல்லாம் சரி. அவள் ஏறும்போதெல்லாம் காற்றடிக்கிறதோ என்று வானிலைக் கணக்குகூடப் பார்த்தேன். நானும் இதைப் படித்தவன்தான் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவள் கேட்கவில்லை. சாப்பிடும்போது வேறு எல்லாம் பேசினாள், கராஜ் பக்கம் மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு, விற்பனைக்குப் போடலாமா என்று வண்டியின் படங்களைப் போனில் தேர்ந்தெடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை, கடைசியாக ஒரு தடவை என்று மறுபடி நரம்பு கட்டி, மூட்டைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, வண்டிக்கடியில் படுத்துக்கிடந்தேன். கராஜுக்குள் செருப்புச் சத்தம். மதியச் சமையலுக்கு வீட்டில் அரிசி இல்லை. அத்தனையும் வண்டியில் இருந்தது. அவள் ஒரு கிண்ணத்தோடு வந்து, கதவைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"இது ஆர்?"

கீழே இருந்து, "நான்," என்றேன்.

"நீங்களோ?" சிரிப்பை அடக்குவது கேட்டது. "பெல்ட் எல்லாம் போட்டு வடிவா இருக்கிறியள்."

"எழுபத்திரண்டு கிலோ. கிராம் சுத்தமா."

"அப்ப நான் எங்கை?"

நான் அளவுகோலை விளிம்பில் வைத்தபடியே, "நீ எதுக்கு? டிரைவர் வெயிட் மட்டும்…" என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த வாக்கியம் முடியவில்லை. 

மேலே அவள் தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தாள். பச்சரிசிப் பையைப் பிரித்து அளந்து அள்ளும் சத்தம். "எங்களிட்ட முழங்கால் நோ எண்டு வாறவை. படுக்கவைச்சு எடுத்தா எலும்புக்கு நடுவில வடிவா இடைவெளி இருக்கும், ஒண்டுமில்லை எண்டுதான் தெரியும். அதே ஆளை எழும்பி நிக்கவைச்சு எடுத்துப் பாருங்கோ, இடைவெளியே இராது. பாரம் ஏறினாத்தானே உண்மை தெரியும். நீங்கள் பாதி ஆளை நிக்கவைச்சு மிச்சத்தை வீட்டில விட்டுட்டுப் படம் எடுக்கிறியள்."

"அரிசி அள்ளாதே!" என்று கத்தினேன். "எடை குறையுது!"

"மதியம் சாப்பிடுவியளோ இல்லையோ?"

ஊர்ந்து வெளியே வந்தேன். இப்போது எல்லாம் தெளிவாக இருந்தது. இந்த அளவுக்குத் தாழ்த்திய வண்டியில் டை ராட் ஏற்கெனவே கோணலான சாய்வில் நிற்கிறது. ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் அந்தப் பக்கத்துப் பாதம் வெளியே விரியும். அவள் இடது பக்கம் உட்கார்ந்தால் இடது பக்கம் இறங்குகிறது. நான் தனியாக ஓட்டும்போது இறங்குவதில்லை. நான் பொய் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நீள சீட்டுக்காக ஒரு வண்டியை வாங்கி, அதில் ஒரு ஆளுக்கு மட்டும் அளவெடுத்து வைத்திருக்கிறேன்.

"உன் பக்கத்துக்கும் மூட்டை வைக்கணும்," என்றேன். "எத்தனை கிலோ வைக்கட்டும்?"

"என்ன கேட்டனீங்கள்?"

"இல்ல, உன்… சுமாரா ஒரு எண்ணு சொன்னா…"

"கேட்டுப் பாருங்கோ. இன்னொருக்கா கேட்டுப் பாருங்கோ பாப்பம்."

கேட்கவில்லை. அவளே ஒரு நிமிடம் கிண்ணத்தைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு அள்ளிய அரிசியைப் பைக்குள் திரும்பக் கொட்டிவிட்டு, சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"இது அந்த ஒருக்கா இல்லை," என்றாள். "இது ஓடாத வாகனம். கணக்கில வராது."

அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர் வெளியே. உப்பிலிருந்து பொன்னிவரை ஒன்றும் மாறவில்லை. அவள் ஏறினாள், அவ்வளவே. அந்த எண்ணைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? தப்பு இருக்கிறது என்று அளவுகோலிலேயே தெரிகிறது. அதைவிட வேறென்ன வேண்டும்! அவளிடம் ஓடிக் காட்டினேன். அளவுகோலின் இரண்டு கோட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னனுக்கோ நான் செத்துப் பிழைச்சனான்?"

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முதலில் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். மட்கார்டு இடைவெளி இரண்டு விரலிலிருந்து மூன்று விரலானது. அழகு ஒரு விரல் போனது. பிறகு டை ராட். ஒவ்வொரு தடவை திருகியதும் வண்டியை முன்னும் பின்னும் நாலடி உருட்டி நிலைக்கவிட வேண்டும். மூட்டையையும் மனைவியையும் வைத்துத் தள்ளினேன். அவள் மூட்டைக்குக் குறுக்கே கையை நீட்டி ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டாள். போனில் அம்மாவோடு கதைத்தாள். "ஓம் அம்மா, இருக்கிறன். எங்கயும் போகேல்லை. கராஜுக்குள்ள. பக்கத்தில அரிசி இருக்கு." மறுமுனை என்ன கேட்டதோ, என் பக்கம் திரும்பி, "அம்மா கேக்கிறா, மருமகனுக்கு என்ன நடந்தது எண்டு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து மூட்டையைத் தட்டிக்கொடுத்து, "இவர் உங்களைவிட நல்லம். குறுக்க கதைக்கிறேல்லை," என்றாள்.

கடைசியில் ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்து நின்றது. இரண்டு பேரும் இருக்கும்போது.

"அப்ப நீங்கள் தனியப் போனா?"

"இன்னும் கொஞ்சம் உள்ள திரும்பும். நேராத்தான் போகும், ஸ்டீயரிங் ஒரு விரல் சாஞ்சு நிக்கும். டயர் ஓரம் சீக்கிரம் தேயும்."

"தேயட்டும்," என்று இறங்கி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அரிசி அள்ளப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிளென்ஃபீல்ட், மதியச் சாப்பாடு, பாயாசம். சட்டியைப் பின்னால் கட்டி வைக்கிறேன் என்றேன். வேண்டாமென்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு பரிசோதனை என்று புரிந்தது. இதுதான் அந்த ஒரு தடவை. நான் ரேடியோ போடவில்லை. மோட்டர்வே ஏறினோம். அவள் ஒரு கையைக் கதவுப் பிடியில் வைத்திருந்தாள். வெஸ்ட்கேட் தாண்டியது. ஹாப்சன்வில் தாண்டியது. பேச்சே இல்லை. தூரத்தில் பாலம் தெரிந்தது, கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. நல்ல காற்று.

பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் வந்து தட்டியது. வண்டி ஒரு தோளை அசைத்தது. அவ்வளவுதான். நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாகவே தன் தடத்தில் போனது.

பாலத்தின் நடுவில் அவள் சொன்னாள்: "அந்த மூக்குத்திக்காரி திரும்பி வந்தவ, தெரியுமோ?"

"யாரு?"

"அண்டைக்குச் சொன்னன் அல்லோ. கழட்டமாட்டன் எண்டு நிண்டவ. இந்த முறை தோட்டோட வந்து நிக்கிறா. நான் சொன்னன், அக்கா, காதில இருக்கிறதும் படத்தில விழும்…"

கதை நீண்டது. அந்த அக்கா எப்படித் தலையைச் சாய்த்தாள் என்று காட்ட ஒரு கை வேண்டியிருந்தது, தோட்டின் அளவைக் காட்ட இன்னொரு கை. சட்டி மடியில் தானாக உட்கார்ந்திருந்தது. நான் மூடியைப் பார்த்தேன், அவள் கையைப் பார்த்தேன், மறுபடி மூடியைப் பார்த்தேன். எங்கள் வெளியேறும் பாதை இடது பக்கம் வந்து, விலகி, பின்னால் போனது.

"இஞ்சேருங்கோ! அதுதானே எங்கட எக்ஸிட்!"

"ஆமா."

"பின்ன ஏன் நேரா போறியள்?"

"அடுத்ததுல திரும்பிக்கலாம்," என்றேன். "நீ சொல்லு. அப்புறம் அந்த அக்கா என்ன சொன்னாங்க?"